தெர்மோகோல் ஸ்டேஷன்

"கட்!"

டைரக்டர் பிராங்க்ளின் மெகாபோனில் கத்தினான்.

செத்துக் கிடந்த பத்துப் போலீஸ்காரர்களில் ஒன்பது பேர் எழுந்தார்கள். காக்கிச் சட்டையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டபடி டீ கேன் பக்கம் நடந்தார்கள்.

பத்தாவது ஆள் எழவில்லை.

"யோவ் பெரியவரே! ஷாட் முடிஞ்சிருச்சுய்யா... எந்திரி!"

அசைவே இல்லை.

"நல்லாத்தான் நடிக்கிறாரு! ரீட்டா, அந்தச் சட்டையை உருவு. அடுத்த ஷாட்டுக்கு வேணும்."

காஸ்ட்யூமர் ரீட்டா குனிந்து அந்த ஆளின் முதுகில் கை வைத்தாள். கையை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு.

அவளுக்குச் சிவப்பு புதிதில்லை. காலையில் இரண்டு பக்கெட் சினிமா ரத்தம் கலக்கியவளே அவள்தான்.

ஆனால்...

"சார்ர்ர்!" அலறினாள். "நான் கலக்குன ரத்தம் இம்புட்டுச் சூடா இருக்காது சார்!"

*

நார்த்தாமலை அடிவாரத்தில் ஒரு பொட்டல். அதில் ஒரு செட். ப்ளைவுட் சட்டம், தெர்மோகோல் சுவர், தகரக் கூரை. வாசலில் 'காவல் நிலயம்' என்று ஒரு கொம்பை விழுங்கிய போர்டு.

படத்தின் கதை ஒரே வரி. ஒரு குட்டிப் போலீஸ் ஸ்டேஷனை ரவுடிக் கும்பல் சுற்றி வளைக்கிறது. உள்ளே இருக்கும் போலீஸ்காரர்கள் விடியும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். ஹீரோவுக்கு முகம் புதுசு. கேமரா ஒன்றே ஒன்று. துப்பாக்கிகள் எல்லாம் மரக்கட்டை.

சப்-இன்ஸ்பெக்டர் டயானா ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று இருபது. ஆவூர்க்காரி. வயது முப்பத்து நான்கு. கோபம் வந்தால் குரல் உயராது... தணியும். ஸ்டேஷனில் எல்லோரும் பயப்படுவது அந்தத் தணிந்த குரலுக்குத்தான்.

காலையிலிருந்து ஷூட்டிங் பந்தோபஸ்தில் இருந்த ஹெட் கான்ஸ்டபிள் அய்யாக்கண்ணு ஓடி வந்து சல்யூட் அடித்தார்.

"முதுகுல சுட்டிருக்கும்மா. சினிமா வெடிச் சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்கல."

"நீங்க எங்கிட்டு இருந்தீங்க ஏட்டய்யா?"

"கேட்டுக்கிட்டத்தாம்மா. கூட்டத்தை வெலக்கிக்கிட்டு இருந்தேன்."

மூடியிருந்த வேட்டியை டயானா விலக்கினாள்.

முகத்தைப் பார்த்தாள்.

பல்லைக் கடித்தாள்.

"கருப்பன்!"

கல்குவாரி வாட்ச்மேன் கருப்பன். இரண்டு வருஷம் முன்னால், நாகராசுவின் குவாரியில் திருட்டுத்தனமாய் வெடி வைத்தபோது பாறை சரிந்தது. நான்கு கூலியாட்கள் அடியில் சிக்கினார்கள். 'நாலு பேரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள்' என்று அப்போதைய விசாரணை அறிக்கை ஃபைலை மூடியது. டயானா இங்கே மாற்றலாகி வந்த பிறகுதான் கருப்பன் வாயைத் திறந்தான். 'போகலம்மா. அவுக இன்னும் அந்தப் பாறைக்கடியிலதான் இருக்காக' என்றான்.

வரும் திங்கட்கிழமை புதுக்கோட்டைக் கோர்ட்டில் சாட்சி.

இன்று சனிக்கிழமை.

"வீட்டு வாசல்ல காவல் போடச் சொன்னேனே ஏட்டய்யா?"

"போட்டிருந்தோம்மா. இவன் சொல்லாமக் கொள்ளாமக் கொல்லைப்பக்கமா ஷூட்டிங்குக்கு வந்துட்டான். விதிம்மா..."

"விதின்னு இன்னொரு தடவை சொன்னீங்க..."

குரல் தணிந்தது. 

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். அழகி. கருப்பனின் மனைவி. அவளும் அன்று படத்தில் ஊர்க்கூட்டமாய் நிற்க வந்தவள்தான். அழவில்லை. கண் மட்டும் எரிந்தது.

"வேலைக்கு வாங்கன்னு வேன் அனுப்புனாக... வந்தோம். சாட்சின்னு ஆனதுலேருந்து எந்த நாய் எங்களுக்கு வேலை குடுத்துச்சு? ஒங்க காவலு எங்கிட்டும்மா போச்சு? ஒங்களை நம்பித்தானம்மா அந்த மனுசன் வாயைத் தொறந்தாரு!"

டயானா வேட்டியைக் கருப்பன் முகத்தின் மேல் மறுபடி இழுத்து மூடினாள்.

நேராகச் செட்டுக்குள் நடந்தாள்.

*

"கேமராவுல யாரும் விழுந்திருக்காங்களா?"

செட்டுக்குள்ளே, ஸ்டேஷன் ரைட்டர் ரூம் மாதிரி அமைத்திருந்த அறை. பிராங்க்ளின் முகத்தில் ஈயாடவில்லை.

"இல்ல மேடம். ஃப்ரேம்ல கீழ கெடக்குற பத்துப் பேர் மட்டுந்தான். சுத்தி நின்ன யாரும் ஃப்ரேம்ல இல்ல."

"சுத்தி யாரு நின்னாங்க?"

"மிச்சக் காக்கிங்க. மொத்தம் இருபத்திரண்டு காக்கி. பத்துப் பேர் பொணம், பன்னெண்டு பேர் நின்னு சுடணும்."

"மேடம்..." ரீட்டா மெல்ல இழுத்தாள். "மேக்கிங் வீடியோ ஒண்ணு எடுத்தேன். யூடியூப்ல போடறதுக்கு. நின்னவங்களைத்தான் எடுத்தேன். ஆனா பாதியில சார்ஜ் போயி போன் ஆஃப் ஆயிருச்சு."

டயானா நிமிர்ந்தாள்.

"சார்ஜ் போடு!"

"பவர் பேங்க்தான் இருக்கு மேடம். மெதுவாத்தான் ஏறும்."

"ஏறட்டும். ஏட்டய்யா, இங்க டவர் இல்ல. கேட்ல நிக்கிற ஜீப்புக்குப் போயி மைக்ல கண்ட்ரோலுக்குச் சொல்லுங்க. ஆம்புலன்ஸ், கைரேகை ஆளுங்க, ஒரு வேன் ஃபுல்லா ஃபோர்ஸ்!"

"இந்தா வாரேம்மா."

அய்யாக்கண்ணு ஓடினார். பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கத் திரும்பினார்.

"சொல்லிட்டேம்மா. கெளம்பிட்டாங்களாம்."

கால் மணி நேரம் கழித்து வண்டிச் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க!" என்று எழுந்தான் பிராங்க்ளின்.

டயானா ஜன்னல் வழியே பார்த்தாள்.

வந்தது போலீஸ் வேன் இல்லை.

மூன்று டிப்பர் லாரிகள்!

*

நாற்பது பேராவது இருப்பார்கள். கடப்பாரை, அரிவாள், சம்மட்டி. இரண்டு பேர் கையில் பெட்ரோல் கேன். முதல் டிப்பர் ஜீப்பை இடித்துப் பள்ளத்தில் தள்ளியது. ஒருவன் ஜெனரேட்டரை நிறுத்தினான். மூன்று பக்கமும் ஆட்கள். நான்காவது பக்கம் மலை.

முதல் கல் பறந்து வந்தது.

தெர்மோகோல் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது!

இரண்டாவது... மூன்றாவது... லைட் பாய் ஒருவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம். இதைக் கலக்கியது ரீட்டா இல்லை.

"கீழ படுங்க! எல்லாரும் தரையில படுங்க!" டயானா கத்தினாள்.

"சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கலாம் மேடம்!" என்றான் ஹீரோ.

"எந்தச் சுவரு? தோசைக்கரண்டியாலேயே வெட்டலாம் ஒங்க சுவரை!"

டிப்பர் கேபினிலிருந்து வெள்ளைச் சட்டை ஒன்று எட்டிப் பார்த்தது.

"எஸ்.ஐ. அம்மா! அந்தக் காஸ்ட்யூம் பொம்பள போன்ல படம் புடிச்சிருக்காமே... அது எனக்கு வேணும்! அஞ்சு நிமிசம் டைம். இல்லாட்டி பெட்ரோல்தான். தெர்மோகோல்மா... பாத்துக்கங்க. ஒரு குச்சி போதும்!"

பிராங்க்ளின் வாய் பிளந்தான்.

"மேடம்... அ... அது எங்க புரொட்யூசர்!"

"அவன் பேரு கல்குவாரி நாகராசு!"

"கல்குவாரியா? எங்கிட்ட கட்டடக் கான்ட்ராக்டர்னு சொன்னாரு மேடம். பேரு வெளிய வரக்கூடாதுன்னு ஒரே கண்டிஷன்தான் போட்டாரு."

"இந்தப் பொணங்க சீனு யாரு யோசனை?"

"அவருதான்... ஸ்கிரிப்ட்ல இல்லாத சீன். நெறைய வெடி வைக்கச் சொன்னாரு. ஆளுங்களையும் அவரே வேன்ல அனுப்பினாரு. அந்தப் பெரியவரை ஓரமாப் படுக்க வெச்சதும் அவரோட மேனேஜர்தான்."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். புரிந்துவிட்டது.

"மேடம்... அப்ப இந்தப் படமே..."

"ஆமாய்யா! ஒரு சாட்சியைக் கொல்றதுக்காக எடுத்த படம்!"

பிராங்க்ளின் கையிலிருந்த ஸ்கிரிப்ட் ஃபைலைப் பார்த்தான். 

"பதினாலு வருஷம் மேடம்... ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கினேன். ஒருத்தன் கதையைக் கேட்டுட்டு எந்திரிச்சு நின்னு கை தட்டினான். அன்னிக்கி ராத்திரி எங்கம்மாவுக்குப் போன் பண்ணி அழுதேன்..."

"நல்ல நடிப்பு."

பிராங்க்ளின் திடுக்கிட்டான்.

டயானாவின் பிஸ்டல் அவன் நெற்றிக்கு நேராக இருந்தது!

"போன் விஷயம் இந்த ரூம்ல நாலு பேருக்குத்தான் தெரியும். அவனுக்கு எப்படிப் போச்சு? நீ அவன் ஆளு!"

"ஐயோ மேடம்! மாதா சத்தியமா இல்ல!"

"மாதாவை இழுக்காத! ரீட்டா, உன் போனோட அந்தக் காஸ்ட்யூம் ரூமுக்கு வா. ஏட்டய்யா, இவன் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

டயானா ரீட்டாவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

இரண்டு நிமிஷம்.

திரும்பி வந்தபோது டயானா கையில் போன் இருந்தது. அதை அய்யாக்கண்ணுவிடம் நீட்டினாள்.

"நான் வெளியில போறேன். திரும்பி வந்தாலும் வரலைன்னாலும் இது கோர்ட்டுக்குப் போகணும். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா ஏட்டய்யா?"

"உசுரே போனாலும் விட மாட்டேம்மா!" அய்யாக்கண்ணு போனைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

*

"இருபத்திரண்டு காக்கி இருக்குன்னு சொன்னீல்ல?" டயானா பிராங்க்ளினைப் பார்த்தாள். "மிச்சம் இருக்குற எல்லாரையும் மரத் துப்பாக்கியோட வாசல்ல நிறுத்து."

"மேடம்... அது டம்மி!"

"தெரியும்."

"அந்தாளுக்கும் தெரியுமே! அவரு காசுல வாங்குனது!"

"அதுவும் தெரியும். செய்யறியா... இல்ல இங்கயே வேகறியா?"

துணை நடிகர்கள் தரையோடு தரையாய்க் கிடந்தார்கள். கீரனூர் கொத்தனார், அரிமளம் ஆட்டோ டிரைவர், காலேஜ் பையன்கள். ஒருவரும் எழவில்லை.

"எங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கு மேடம்," என்றார் கொத்தனார். "நடிக்கத்தான் வந்தோம்."

அழகி எழுந்தாள்.

கணவன் கிடந்த இடத்துக்குப் போனாள். பக்கத்தில் கிடந்த மரத் துப்பாக்கியை எடுத்தாள். சேலை மேலேயே ஒரு காக்கிச் சட்டையை மாட்டினாள்.

"படுத்துக் கெடந்தவரைத்தான்டா முதுகுல சுட்டாங்க," என்றாள். "நீங்களும் படுத்தே கெடங்க. நான் போறேன்."

கொத்தனார் அவளையே பார்த்தார். தரையில் காறித் துப்பினார். எழுந்தார்.

பிறகு ஆட்டோ டிரைவர்...

பிறகு எல்லோரும்.

"புகை டப்பாவைக் கொளுத்து!" பிராங்க்ளின் கத்தினான். குரலில் அழுகை போய் வேறு ஏதோ வந்திருந்தது. "எல்லாரும் ஒரே லைன்ல நில்லுங்க! தோள்ல வெச்சுக் குறி பாருங்க! எவனும் கையை நடுங்க விடாத!"

வெள்ளைப் புகை கிளம்பியது. அது கலைந்தபோது, வாசலில் ஒரே வரிசையாய்க் காக்கி. ஒரே வரிசையாய்த் துப்பாக்கி. நடுவில் எங்கேயோ டயானா.

நாகராசு ஒரு விநாடி அசந்தான். பிறகு கேபின் அதிரச் சிரித்தான்.

"அட, மரக்கட்டைடா எல்லாம்! நான் வாங்கிக் குடுத்த மரக்கட்டை! ஊத்துங்கடா பெட்ரோலை!"

கேன்காரன் இரண்டடி முன்னே வைத்தான்.

டுமீல்!

டிப்பரின் முன் டயர் வெடித்துச் சரிந்தது. நாகராசுவின் தலை கண்ணாடியில் மோதியது.

கேன்காரன் சிலையானான்.

"நாகராசு!" வரிசைக்குள்ளிருந்து அந்தத் தணிந்த குரல் வந்தது. "இதுல எது மரம், எது நெசம்? இறங்கி வந்து ஒண்ணொண்ணாத் தொட்டுப் பாரு!"

டுமீல்!

இரண்டாவது குண்டு கேன்காரனின் காலடி மண்ணைச் சிதறடித்தது. கேன் கீழே விழுந்தது.

"அண்ணே! சினிமாக்காரனுங்களை மெரட்டணும்னு சொல்லித்தான கூட்டியாந்தீக!" என்று அலறினான் அவன். "இது நெசப் போலீசுண்ணே!"

ஓடினான்.

ஒருவன் ஓடினால் போதும். கடப்பாரைகள் கீழே விழுந்தன. கல் உடைக்கும் கிரஷர் கூலிக்காரர்கள் மேட்டில் ஏறிச் சிதறினார்கள். மற்ற இரண்டு டிப்பர்களும் பின்னாலேயே திரும்பிப் பறந்தன.

டயர் போன டிப்பரில் நாகராசு மட்டும் மாட்டிக்கொண்டான்.

அழகி கேபின் கதவைத் திறந்தாள். சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். மரத் துப்பாக்கியால் ஒரே அடி. துப்பாக்கி இரண்டாய் உடைந்தது.

"இதுதான்டா மரம்!" என்றாள். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து, மண்ணில் முகத்தை வைத்து, அழ ஆரம்பித்தாள்.

டயானா அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். தோளைத் தொடக் கை நீட்டினாள். தொடாமலே எடுத்துக்கொண்டாள்.

பள்ளத்தில் சாய்ந்து கிடந்த ஜீப்புக்குள் குனிந்து மைக்கை எடுத்தாள். அதிர்ஷ்டம். உயிர் இருந்தது.

"கண்ட்ரோல்! ஃபோர்ஸ் எங்க இருக்கு?"

"எந்த ஃபோர்ஸ் மேடம்? உங்ககிட்டேருந்து இப்பத்தான் மொதல் மெசேஜே வருது!"

டயானா கண்ணை மூடித் திறந்தாள்.

"அப்ப இப்பச் சொல்றேன். அனுப்புங்க."

*

ஃபோர்ஸ் வந்து நாகராசுவை வேனில் ஏற்றியது.

டயானா செட்டுக்குள் நுழைந்தாள். அய்யாக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டு எதிரே வந்தார்.

"மோசம் போச்சும்மா! கூரைக் கம்பி ஒண்ணு விழுந்து... போன் சுக்குநூறா ஒடஞ்சு போச்சும்மா!"

உள்ளங்கையில் போன் துண்டுகள்.

"அடடா. ஒங்க சட்டைக்குள்ளதான இருந்துச்சு? கம்பி ஒங்க நெஞ்சுல விழாம போன்ல மட்டும் விழுந்துச்சா?"

"அது... கையில வெச்சிருந்தேன்மா..."

"பூட்ஸ் தடம் தெரியுதே ஏட்டய்யா?"

அய்யாக்கண்ணு உள்ளங்கையை மூடினார்.

"பரவால்ல, விடுங்க. அந்தப் போனு ஆர்ட் டிபார்ட்மெண்ட் சாமான். ஹீரோ கோவத்துல போட்டு ஒடைக்கிறதுக்கு வெச்சிருந்த டம்மி. நீங்க அந்தச் சீனை முடிச்சுக் குடுத்துட்டீங்க!"

காஸ்ட்யூம் ரூம் கதவு திறந்தது. ரீட்டா வந்தாள். கையில் அவளுடைய நிஜப் போன். திரையில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"நான் எண்ணிட்டேன் மேடம்," என்றாள். "நின்னு சுடணும்னு பன்னெண்டு பேருக்குத்தான் நான் காக்கி மாட்டி விட்டேன். இதுல பதிமூணு பேர் நிக்கிறாங்க."

பதிமூன்றாவது ஆள் வெடிச் சத்தத்துக்கு நடுவே குனிகிறார். இடுப்பிலிருந்து எதையோ எடுக்கிறார். தரையில் படுத்திருக்கும் முதுகைக் குறி பார்க்கிறார்.

முகம் தெளிவாகத் தெரிந்தது.

அய்யாக்கண்ணு!

"போன் விஷயம் தெரிஞ்சதுக்கப்புறம் இந்த ரூமை விட்டு வெளிய போனது ஒரே ஆள்தான்," என்றாள் டயானா. "ரோட்டுப் பக்கம் போனா டவர் கெடைக்கும். கண்ட்ரோலுக்குப் பேச வேண்டிய நேரத்துல நாகராசுகிட்டப் பேசியிருக்கீங்க. பிராங்க்ளின், மன்னிச்சுருங்க. ஒங்க நெத்தியில துப்பாக்கி வெச்சாத்தான் இவரு என்னை நம்புவாரு."

பிராங்க்ளின் நெற்றியைத் தடவிக்கொண்டான்.

"ரெண்டு வருசம் முன்னாடி அந்த நாலு பேரும் ஊருக்குப் போயிட்டாங்கன்னு ரிப்போர்ட் எழுதுனது யாரு ஏட்டய்யா? கருப்பன் எங்கிட்ட வாக்குமூலம் குடுக்குறப்ப பாதியில நிறுத்திட்டான். 'மிச்சத்தை ஜட்ஜய்யாகிட்டச் சொல்றேன்'னான். ஏன்னு எனக்கு அன்னிக்கிப் புரியல. அந்த வாக்குமூலத்தைப் பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டிருந்ததே நீங்கதான!"

அய்யாக்கண்ணுவின் வலது கை இடுப்புக்குப் போனது.

"தொட்டீங்க..." குரல் மிகவும் தணிந்தது. "எங்கிட்ட இன்னும் ஆறு இருக்கு. ஆறும் நெசம்."

கை நின்றது. ஒரு கான்ஸ்டபிள் அவர் இடுப்பிலிருந்து நாட்டுத் துப்பாக்கியை உருவினார். அய்யாக்கண்ணு மண்டியிட்டார்.

"அம்மா... முப்பத்தஞ்சு வருச சர்வீஸ்மா... ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் நாலே மாசந்தாம்மா இருக்கு..."

டயானா விலங்கை மாட்டினாள். 'க்ளிக்'கென்று இறுக்கினாள்.

"கவலையே படாதீங்க ஏட்டய்யா. இனிமே நீங்க போற எடத்துல ரிட்டயர்மெண்டே கெடையாது!"